துருவில் இறுகிய ஆயில் இன்ஜின்: 14 நாள் ஊறல் கணக்கு

இன்ஜின்: லிஸ்டர் 6/1 மாதிரியில் ராஜ்கோட்டில் வார்த்த ஸ்லோ ஸ்பீடு ஆயில் இன்ஜின். 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று, போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 114.3 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 139.7 மி.மீ. கிணற்று மேட்டில் சைலன்சர் வாய் வானம் பார்க்கக் கிடந்தது. எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் நின்றுபோனதால் மழைநீர் நேராக சிலிண்டருக்குள் இறங்கிவிட்டது. பிளைவீல் இம்மியும் அசையவில்லை.

பிளைவீல் ஆரக்காலுக்குள் கடப்பாரை கொடுத்து நெம்ப வேண்டாம். வார்ப்பிரும்பு வளையாது, விரிசல்தான் விடும். ஆரக்கால் தாங்கினாலும் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு கோணிக்கொள்ளும்.

நாள் 1, 2: சிலிண்டர் மேல்மூடியான ஹெட்டின் நட்டுகள். அசிட்டோன் 100 மி.லி., பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றும் சிவப்பு ஏ.டி.எஃப். ஆயில் 100 மி.லி., மூடியுள்ள தகர டப்பாவில். இரண்டும் முழுக்கக் கரைந்து ஒன்றாகாது, வைத்தால் பிரிந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் குலுக்கிவிட்டு ஸ்டட் (நட்டு ஏறும் மரைத்தண்டு) அடியில் சொட்டு விட வேண்டும். காலை மாலை இரண்டு நாள் விட்டபின், நட்டை முதலில் இறுக்கும் பக்கம் லேசாக அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருப்பினால் ஸ்டட் முறியாமல் வரும். பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது.

நாள் 3: ஹெட் வந்தது. பிஸ்டன் பாதி ஸ்ட்ரோக்கில் நிற்கிறது, அதன் விளிம்பைச் சுற்றி செங்கல் நிறத்தில் துரு வளையம். பிஸ்டன் தலையில் காந்தம் வைத்தால் ஒட்டவில்லை, அலுமினியம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எதையும் ஊற்றக் கூடாது. காஸ்டிக் சோடா இரும்பை விட்டுவிட்டு அலுமினியத்தைத் தின்னும், கூடவே ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். கழிவறை ஆசிட் துருவைக் கரைப்பது உண்மைதான். ஆனால் குளோரைடு வார்ப்பின் நுண்துளையில் தங்கி, மறுநாளே புதுத் துரு பூக்கும். கோலா ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. அதிலிருக்கும் பாஸ்பாரிக் ஆசிட் மிகக் கொஞ்சம், சர்க்கரைதான் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கில் பாகாக ஒட்டும்.

பிஸ்டனுக்கு மேலே தெரிந்த சுவரில் மட்டும் வினிகரில் நனைத்த துணியை இரண்டு மணி நேரம் ஒட்டவைத்து, சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, உலர்ந்த உடனே டீசல் தடவி, 320 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்தோம். இந்தத் துருமேடு போகாமல் பிஸ்டனை மேலே கொண்டுவந்தால் ரிங் உடையும்.

பிறகு ஊறல்: டீசல் 125, ஏ.டி.எஃப். 125 மி.லி. இந்த போரில் 250 மி.லி. ஊற்றினால் சுமார் 24 மி.மீ. உயரம் நிற்கும். வாய் திறந்த சிலிண்டரில் அசிட்டோன் சில மணி நேரத்தில் ஆவியாகிவிடும் என்பதால் இங்கே அது வீண். எஃகு ஸ்கேலால் தினமும் மட்டம் பார்த்தோம். நாள் 4 இறக்கம் இல்லை, நாள் 6 இரண்டு மி.மீ., நாள் 9 ஏழு மி.மீ. மட்டம் இறங்கினால் எண்ணெய் ரிங்கைத் தாண்டி வழி கண்டுவிட்டது என்று அர்த்தம்.

நாள் 10: வாட்டர் ஜாக்கெட், அதாவது சிலிண்டரைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும் உறை. உப்புத் தண்ணீர் ஓடிய ஜாக்கெட்டில் சுண்ணாம்பு ஓடு ஓடாகப் படிந்திருக்கும், பிறகு கொதிநீர் விட்டாலும் சிலிண்டருக்குச் சூடு ஏறாது. கீழ்க் குழாயை அடைத்து, லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து, மேல்விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வரை ஊற்றினோம். அதற்கு மேல் ஊற்றினால் நுரை பொங்கி போருக்குள் வழியும். நுரை அடங்கியதும் வடித்துவிட்டு இன்னொரு முறை. கடைசியில் வாஷிங் சோடா நீர் விட்டு அலசல்.

நாள் 11, 12: ஜாக்கெட்டில் கொதிநீர். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே சிலிண்டர் சூடாகி, பிஸ்டன் இன்னும் குளிர்ந்திருக்கும் முதல் இரண்டு மூன்று நிமிடம்தான் நமக்கு. பிந்தினால் இன்னும் இறுகும். 110 மி.மீ. வட்டமாகக் கடைந்த வேல மரக்கட்டையைப் பிஸ்டன் மேல் நிறுத்தி, 2 கிலோ சுத்தியலால் பத்துப் பதினைந்து அடி, பலம் வேண்டாம், அதிர்வு போதும். அதே நேரம் இரண்டு பிளைவீலையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். அசையவில்லையென்றால் ஆறவிட்டு மறுபடி எண்ணெய். ஆறும்போது எண்ணெய் இடுக்குக்குள் இழுபடும்.

இரண்டாம் நாள் மூன்றாவது கொதிநீருக்குப் பிஸ்டன் ஒரு நூல் (சுமார் 3 மி.மீ.) இறங்கியது. விளிம்பில் காபி டிகாஷன் நிறத்தில் குழம்பு ஊறி வந்தது. அதைத் துடைக்காமல் மேலும் தள்ளினால் அந்தத் துருப்பொடியே போரைக் கீறும். துடைத்து, புது எண்ணெய் விட்டு, அதே ஒரு நூலுக்குள் பலமுறை ஆட்டியபின்தான் அடுத்த நூல்.

நாள் 13: பிக் எண்டை (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் கீழ்முனை) கழற்றி பிஸ்டனை மேல்வழியாக எடுத்தாயிற்று. முதல் ரிங் காடியில் கரியோடு ஒட்டியிருந்தது. இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறியதும் விரலால் தள்ளினால் நகர்ந்தது. ரிங்கை போருக்குள் நேராக வைத்து வாய் இடைவெளி பார்த்தால் 0.35 முதல் 0.45 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மேல் ரிங் தாண்டிவிட்டது, புதுசு வாங்க வேண்டும்.

நாள் 14: சம்ப், அதாவது அடியில் ஆயில் நிற்கும் தொட்டி. ரிங்கைத் தாண்டிய டீசலெல்லாம் இங்கேதான் சேர்ந்திருக்கிறது. டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்தது, ஆயில் தண்ணீர் மாதிரி ஒழுகியது. அப்படியே ஓட்டினால் பேரிங் போய்விடும். முழுக்க வடித்து, ஒரு லிட்டர் டீசலால் கழுவி, அடி வண்டலைத் துணியால் வழித்து எடுத்தோம். ஸ்டார்ட் பண்ணும் முன் சிலிண்டருக்குள் எண்ணெய் தேங்கியில்லை என்று பார்ப்பதும் கட்டாயம். திரவம் அமுங்காது, ராடு வளையும்.