இளநீரை வாசலிலேயே மறித்தவர்கள்

எலிக்காய்ச்சல் என்றால் ஏதோ நாலு நாள் காய்ச்சல், பனடோல் போட்டால் போய்விடும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீரில் இருக்கும் கிருமி காலில் உள்ள சின்ன வெடிப்பால் உள்ளே போய், சிலருக்கு ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடித்துவிடும். எனக்கு இரண்டையும் பிடித்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அப்பா விட்டுப்போன வயல், பெரும்போகம், விடாத மழை, வரம்பு பார்க்கச் சேற்றில் இறங்கியது, அவ்வளவுதான். முதலில் நடக்கவே விடாத கெண்டைக்கால் வலி, பிறகு கண் சிவந்து, மறுகா மஞ்சளாகி, கடைசியில் சலம் போவதே நின்றுவிட்டது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் போட்டார்கள். அந்த நாட்கள் எனக்குப் பெரிதாக ஞாபகமில்லை. மனைவிக்கு எல்லாம் ஞாபகம், ஆனால் அவரிடம் கேட்கப் பயம்.

சரி, நான் எழுத வந்தது எங்கள் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமைப் பற்றி.

நோயாளியைப் பார்க்க நம்மூரில் யாரும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். இளநீர், தோடம்பழம், வாழைப்பழம் என்று ஏதாவது இருக்கும். சிறுநீரகம் வேலை செய்யாமல் கிடக்கிறவனுக்கு இந்த மூன்றும் ஆகாது, பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பையே குழப்பிவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பெரியம்மா ஆசையாய்க் கொண்டுவந்த இளநீரை வேண்டாம் என்று யார் சொல்வது? எங்கள் விஞ்ஞான டீச்சர் சொன்னார். பள்ளி விட்டு நேரே வந்து வார்டு வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் "சேருக்கு இது இப்ப ஆகாது, குறை நினைக்காதீங்க" என்று வாங்கிப் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார். என் மாமா ஒருவருக்குக் கோபம் வந்து, "ஆரு புள்ள நீ?" என்று கேட்டிருக்கிறார். "சேர்ர பக்கத்து மேச" என்றாராம்.

ஆஸ்பத்திரி இலவசம்தான், ஆனாலும் ஓட்டோக் காசு, வீட்டுச் சாமான், வயலில் பசளைக்கும் கூலிக்கும் என்று காசு போய்க்கொண்டேதான் இருக்கும். எங்கள் ஸ்டாஃப் ரூமில் மாதச் சீட்டு ஒன்று ஓடுகிறது. அந்த மாதம் விழுந்தது சங்கீத டீச்சருக்கு. வீட்டுக்கு ஓடு மாற்றக் காத்திருந்தவர், அதுவும் மழை காலத்தில். அந்தக் காசை அப்படியே என் மனைவி கையில் கொடுத்து, "என்ட முறையையும் சேர்ர முறையையும் மாத்தியாச்சு, கொப்பியில எழுதியிருக்கு" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார். வேறு ஆட்களும் காசு தந்தார்கள், நன்றிதான். ஆனால் கொப்பியில் எழுதியதை வாங்கும்போது மட்டும் கை கூசவில்லை.

பள்ளிக்குத் திரும்பிப் போனபோது சிறுநீரகம் சரியாகியிருந்தது, உடம்பு சரியாகவில்லை. ஒரு பாடம் நின்று படிப்பித்தால் கால் நடுங்கும். பிரதி அதிபர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நேரசூசியை மாற்றி என் மாடி வகுப்புகளைக் கீழே இறக்கியிருந்தார். காத்தான்குடியிலிருந்து வரும் கணித சேர் ஆரையம்பதியில் என்னை ஏற்றிக்கொண்டு மண்முனைப் பாலத்தில் மெதுவாக ஓட்டுவார். (2014இல் பாலம் திறக்குமுன் என்றால் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும், அந்த உடம்புக்கு அது ஏலாத காரியம்.) விடைத்தாளில் என் பங்கைப் பாதியாகக் குறைத்தார்கள், முழுதாக எடுக்கவில்லை. அந்தப் பாதியை எனக்கு விட்டுவைத்ததற்குத்தான் அவர்களை நான் கும்பிட வேண்டும்.

இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓட்டம் தொடக்கிவிடும் வேலையைப் பறித்து, மைக்கைத் தந்து பந்தலுக்குள் இருத்தினார்கள். பிறகு, பெயரை மாறி அறிவித்ததால்தான் பிள்ளை பிந்தி ஓடி எங்கள் இல்லம் தோற்றது என்று நல்ல சண்டை. வீட்டில் என்னோடு யாரும் சண்டை பிடித்து மாதக்கணக்காகியிருந்தது. நானும் விடவில்லை.

இப்போது மறுபடி மழை தொடங்கிவிட்டது. வயலில் இறங்குகிறவர்களுக்குக் கிழமைக்கு ஒருதரம் போடக் கொடுக்கும் டொக்சிசைக்ளின் குளிசையைப் போட்டேனா என்று விஞ்ஞான டீச்சர் விடாமல் கேட்கிறார். கணித சேர் முழங்கால் உயர பூட்ஸ் வாங்கி வந்திருக்கிறார், ஒரு சைஸ் பெரிது. கழிவு விலையில் எடுத்ததாம், மாற்றித் தரமாட்டார்களாம்.