இரண்டு படங்கள், இடையில் அரை நொடி

கடிதம் என் மனைவியின் பெயருக்குத்தான் வந்தது. வண்டி அவள் பெயரில் பதிவாகியிருக்கிறது. உறையைப் பிரித்துப் படித்தவள், "போன வியாழக்கிழமை காலையில் வண்டி உங்களிடம்தானே இருந்தது?" என்று கேட்டாள். வேக வரம்பு 50 கிலோமீட்டர் உள்ள சாலையில் வண்டி 65 கிலோமீட்டர் வேகத்தில் போனதைக் கேமரா பதிவு செய்திருக்கிறது. அப்போது ஓட்டியவர் யார் என்பதைக் குறிப்பிட்ட தேதிக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக வண்டி ஓட்டுகிறேன். வேகமாக ஓட்டுகிறவன் என்று என்னை ஒருநாளும் நினைத்ததில்லை. அதனால் எனக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல, கோபம்தான். 15 கிலோமீட்டர் கூடுதலாகப் போவதெல்லாம் ஒரு குற்றமா என்று அன்று இரவு முழுவதும் புழுங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். இப்படி ஒரு கடிதம் கையில் வந்தால் எங்கே தொடங்குவது என்று தவிப்பவர்களுக்கும் இது உதவட்டும்.

கடிதம் உண்மையானதுதானா என்பதைத்தான் முதலில் பார்த்தோம். அபராதம் கட்டச் சொல்லி இணைப்போடு வரும் போலிக் குறுஞ்செய்திகள் இப்போது பல நாடுகளில் உலவுகின்றன. அவசரப்பட்டு அந்த இணைப்பைத் தொட்டு வங்கி விவரத்தைக் கொடுத்து, இல்லாத அபராதத்துக்குப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. எனவே செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். அரசுத் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, வண்டி எண்ணையும் நோட்டீஸ் எண்ணையும் கொடுத்துத் தேடுங்கள். நாங்கள் அப்படித்தான் தேடினோம். வழக்கு இருந்தது. கூடவே இரண்டு படங்களும் இருந்தன.

அந்தப் படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டும் வண்டியின் பின்பக்கத்திலிருந்து எடுத்தவை. இரண்டுக்கும் நடுவே சரியாக அரை நொடி. சாலையில் சம இடைவெளியில் வெள்ளைக் கோடுகள் போடப்பட்டிருந்தன. முதல் படத்தில் பின்சக்கரம் ஒரு கோட்டுக்கு அருகில் நிற்கிறது; அடுத்த படத்தில் பல கோடுகளைத் தாண்டிவிட்டது. ரேடார் அளந்த வேகம் சரிதானா என்று இன்னொரு முறை சரிபார்ப்பதற்காகத்தான் அந்தக் கோடுகள். கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் தெரியும், படங்களுக்கு இடையே உள்ள நேரமும் தெரியும். வகுத்துப் பார்த்தால் வேகம் வந்துவிடும். 65 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 18 மீட்டர். அரை நொடியில் 9 மீட்டர். படத்தில் கோடுகளை எண்ணினேன். 9 மீட்டர்தான்.

ஆனால் என்னை உலுக்கியது அந்தக் கணக்கு அல்ல. கேமராவின் ஒளி பளிச்சிட்டதும் சட்டென்று பிரேக்கை மிதித்துவிட்டேன் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன். இரண்டு படங்களிலும் பின்னால் உள்ள சிவப்பு விளக்குகள் எரியவில்லை. வண்டி 9 மீட்டர் நகர்ந்துவிட்டது. என் கால் இன்னும் பிரேக்குக்கு வந்து சேரவில்லை.

அடுத்து மனம் ஒரு சாக்கைத் தேடியது. வண்டியின் வேகமானி தவறாகக் காட்டியிருக்கலாமே? தேடிப் படித்தபோது கிடைத்த பதில் எனக்கு எதிராகவே இருந்தது. வேகமானிகளுக்கு ஐ.நா. வகுத்த 39ஆம் எண் ஒழுங்குமுறையைப் பல நாடுகள் பின்பற்றுகின்றன. அதன்படி வேகமானி உண்மையான வேகத்தைக் குறைத்துக் காட்டவே கூடாது. கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். அதாவது உண்மையில் 65இல் போகிற வண்டியின் முள், 65க்கும் மேலே, 70ஐ ஒட்டிக்கூட நின்றிருக்கலாம். அளவு மீறிப் பெரிய டயர் மாட்டியிருந்தால் மட்டுமே இது மாறும். எங்கள் வண்டியில் கம்பெனி மாட்டிய டயர்தான். ரேடார் பக்கவாட்டுக் கோணத்தில் அளப்பதால் வரும் பிழைக்கும் இதே கதைதான்: நேரான சாலையில் அந்தப் பிழை வேகத்தைக் குறைத்தே காட்டும், ஓட்டுநருக்குத்தான் சாதகம்.

வார இறுதியில் அந்தச் சாலைக்கே நடந்து போய்ப் பார்த்தேன். வேக வரம்புப் பலகையின் ஓரத்தை ஒரு மரக்கிளை தொட்டுக்கொண்டிருந்தது. அதைப் படமெடுத்து வாதாடலாம் என்று ஒரு கணம் ஆசை வந்தது. இருபது தப்படி பின்னால் போய் நின்று பார்த்தேன். 50 என்ற எண் முழுதாகத் தெரிந்தது. கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

வக்கீலாக இருக்கும் நண்பரிடமும் பேசினேன். எதிர்த்து வாதாடுவதற்கு உண்மையான காரணங்கள் உண்டு என்றார். ஓட்டியவர் நீங்கள் இல்லை. எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறார்கள், அல்லது உங்கள் எண்ணை வேறொருவர் போலியாக மாட்டி ஓடுகிறார். பலகை இல்லை, அல்லது மறைந்திருக்கிறது. கருவியை உரிய காலத்தில் சோதித்துச் சான்றளிக்கவில்லை. சட்டம் சொல்லும் கெடுவுக்குள் நோட்டீஸ் அனுப்பவில்லை. இவற்றில் ஒன்று உங்கள் வழக்கில் இருந்தால் தயங்காமல் எதிர்த்து நில்லுங்கள். அது உங்கள் உரிமை. "சாலை காலியாக இருந்தது", "எல்லோரும் அந்த வேகத்தில்தான் போனார்கள்" என்பவை எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. "உனக்கு இதில் எதுவும் இல்லை, கட்டிவிடு" என்று முடித்தார்.

வீட்டிலிருந்து வந்த யோசனைதான் ஆபத்தானது. அண்ணன் தொலைபேசியில் சொன்னார்: "அம்மா பெயரை எழுதிக் கொடுத்துவிடு. அவர்கள் உரிமம் சும்மாதான் கிடக்கிறது. உன் உரிமத்தில் கறை எதற்கு?" அக்கறையில் சொன்னதுதான். ஆனாலும் எனக்குக் கை நடுங்கியது. ஏனென்றால் ஒரு நிமிடம் அது நல்ல யோசனையாகவே பட்டது.

பிரிட்டனில் அமைச்சராக இருந்த கிறிஸ் ஹூனின் வழக்கு அப்போது நினைவுக்கு வந்தது. 2003இல் அவர் வேகமாக ஓட்டிப் பிடிபட்டபோது, தவறுக்கு ஏற்ப உரிமத்தில் ஏறி, அளவு மீறிச் சேர்ந்தால் ஓட்டத் தடை கொண்டுவரும் தண்டனைப் புள்ளிகளை அன்றைய மனைவி தன் பெயரில் ஏற்றுக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்து அது வெளியே வந்தது. 2012இல் பதவி போயிற்று. 2013இல் இருவருக்கும் எட்டு மாதச் சிறைத் தண்டனை. வேகமாக ஓட்டியதற்கு அல்ல, நீதியின் போக்கைத் திரித்ததற்கு. அபராதத்தோடும் சிறிது கால ஓட்டத் தடையோடும் முடிந்திருக்க வேண்டியது. அண்ணனிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, உன் பெயரையே போடு" என்றார். மனைவி படிவத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள். மறுநாளே பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைக் கடிதத்தோடு சேர்த்து வைத்தோம். பதில் சொல்லாமல் விட்டால் பல நாடுகளில் அதுவே தனிக் குற்றம். சில இடங்களில் வேகக் குற்றத்தைவிடக் கடுமையான தண்டனை அதற்கு உண்டு. கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு மறந்துபோவதைப்போல மோசமான முடிவு வேறில்லை.

பதிலுக்காகக் காத்திருந்த நாட்களில் என்ன தண்டனை வரும் என்று படித்துக்கொண்டே இருந்தேன். நாட்டுக்கு நாடு எவ்வளவு மாறுகிறது என்பது வியப்பாக இருந்தது. இந்தியாவில் 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி கார் போன்ற இலகு ரக வாகனங்களுக்கு 1000 முதல் 2000 ரூபாய் வரை, நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2000 முதல் 4000 ரூபாய் வரை அபராதம். திரும்பவும் பிடிபட்டால் உரிமத்தையே கைப்பற்றலாம். பிரிட்டனில் மூன்று ஆண்டுகளுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் ஓட்டத் தடை. புதிதாக உரிமம் வாங்கியவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் 6 புள்ளிகள் சேர்ந்தாலே உரிமம் ரத்து. ஜெர்மனியில் 8 புள்ளிகளில் உரிமம் போய்விடும். பிரான்சில் கணக்கு தலைகீழ்: கையில் 12 புள்ளிகள் இருக்கும், தவறு செய்யச் செய்யக் குறைந்துகொண்டே வரும்.

பின்லாந்தின் முறைதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. அங்கே வரம்பை வெகுவாக மீறினால் அபராதம் வருமானத்தைப் பொறுத்தது. 2002இல் ஒரு பெரிய செல்போன் நிறுவனத்தின் உயரதிகாரி 50 கிலோமீட்டர் வேக வரம்புள்ள சாலையில் 75இல் மோட்டார் சைக்கிள் ஓட்டியதற்கு 1,16,000 யூரோ விதித்தார்கள்; மேல்முறையீட்டில் பிறகு குறைத்தார்கள். ஒரே தொகையை எல்லோருக்கும் விதித்தால் கூலிக்காரருக்கு அது ஒரு மாதச் சோறு, பணக்காரருக்குச் சில்லறை. தண்டனை இருவருக்கும் ஒரே அளவில் வலிக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

எனக்கு வந்த பதிலில், இது முதல் முறை என்பதாலும் வேகம் மிக அதிகம் இல்லை என்பதாலும், புள்ளிகளுக்குப் பதிலாக அரை நாள் வகுப்பில் உட்காரலாம் என்றிருந்தது. கட்டணம் என் செலவு. எல்லா நாட்டிலும் இந்த வாய்ப்பு கிடையாது. இருக்கும் இடத்தில் ஒருமுறைதான், மீண்டும் சில ஆண்டுகளுக்குக் கேட்க முடியாது. உங்களுக்குக் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் பதினெட்டுப் பேர் இருந்தோம். என் பக்கத்தில் இருந்தவர் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேன் ஓட்டுநர். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்கு, முடிக்காவிட்டால் சம்பளத்தில் பிடித்தம். உரிமம் போனால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. அவரை விரட்டுகிற முதலாளிக்கு எந்த நோட்டீஸும் போவதில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பாடம் நடத்திய அம்மையார் பலகையில் ஒரு நேர்கோடு போட்டார். 50இல் போகும் வண்டி. எதிரே ஏதோ வருவதைப் பார்த்து, கால் பிரேக்குக்கு வர ஒரு நொடி. அதற்குள் 14 மீட்டர். பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 14 மீட்டர், அதுவும் உலர்ந்த சாலையில். 28ஆவது மீட்டரில் வண்டி நின்றுவிட்டது. "பக்கத்திலேயே 65இல் இன்னொரு வண்டி. அதே இடத்தில் அதே நேரத்தில் அதே ஆபத்தைப் பார்க்கிறார். இந்த வண்டி நின்ற 28ஆவது மீட்டரில் அந்த வண்டி எவ்வளவு வேகத்தில் இருக்கும்?" என்று கேட்டார். 15 என்றார் ஒருவர். 20 என்றேன் நான்.

விடை 50.

யாரும் நம்பவில்லை. அவர் கணக்கைப் போட்டுக் காட்டினார். 65இல் போகிறவருக்கு அந்த ஒரு நொடியிலேயே 18 மீட்டர் போய்விடுகிறது. பிரேக் பிடிக்க மிச்சம் இருப்பது 10 மீட்டர். வேகத்தின் வர்க்கமாக ஆற்றல் ஏறுவதால், 50ஐவிட 65இல் வண்டி சுமக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட 70 சதவீதம் அதிகம். அந்த 10 மீட்டரில் பிரேக் தின்று தீர்ப்பது கூடுதலாகச் சேர்ந்த ஆற்றலைத்தான். முதல் வண்டி நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுகிறது. அது முழுதாக நிற்க 41 மீட்டர் வேண்டும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்தின் அபாயம் 4 சதவீதம் கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது எனக்கு அங்கேதான் விளங்கியது. எரியாத அந்தச் சிவப்பு விளக்குகளை நினைத்துக்கொண்டேன்.

நான் மிச்சம் பிடித்த நேரத்தையும் கணக்குப் போட்டேன். அந்தச் சாலை 2 கிலோமீட்டர் நீளம். 50இல் 2 நிமிடம் 24 நொடி. 65இல் 1 நிமிடம் 51 நொடி. 33 நொடிகள். அதன் முடிவில் ஒரு சிக்னல் இருக்கிறது.

வகுப்பு முடித்த சான்று ஒரு வாரத்தில் வந்தது. அபராதமும் புள்ளியும் இல்லாமல் வழக்கு முடிந்தது. காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது படிவத்தில் கேட்கும் கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் பின்னால் இழப்பீடு கேட்கும் நேரத்தில் கையை விரித்துவிடுவார்கள். வண்டியில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதி இருந்தும் நான் தொட்டதே இல்லை. இப்போது அந்தச் சாலையில் நுழையும்போதே 50இல் வைத்துவிடுகிறேன்.

என் மகள் அடுத்த மாதம் ஓட்டுநர் தேர்வுக்குப் போகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவளை அந்தச் சாலையின் நடைபாதைக்கு அழைத்துக்கொண்டு போனேன். கையில் அளவு நாடா. 28 மீட்டர் அளந்து அங்கே நான் நின்றேன். அவள் மேலும் நடந்து 41ஆவது மீட்டரில் நின்று திரும்பிப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் பாதசாரிகள் கடக்கும் வரிக்கோடு இரு பக்கமும் இடம் விட்டு முழுதாக அடங்கியிருந்தது. ஒரு முதியவர் அதன் மேல் மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார். அவர் இந்தப் பக்கம் வந்து சேரும்வரை நாங்கள் இருவரும் நின்ற இடத்திலேயே நின்றோம்.