தாயுமானவருக்கு ஒரு வாழைத்தார்

அம்மா ஓய்வு பெற்ற ஆறாம் நாள். 2022 ஜூலை 6, புதன்கிழமை. காலை ஏழரை மணிக்குத் திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்தில் இறங்கினோம். அம்மா, நான், என் மகன், அப்புறம் ஒரு பூவன் தார். ஊரில் ஒருவர் தன் தோட்டத்திலிருந்து வெட்டிக் கொடுத்தது, 9 சீப்பு. காம்பில் பால் வடிந்த கறைகூடக் காயவில்லை.

பணி நிறைவுக்கு எங்கே போகலாம் என்று ஒரு மாதமாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். காசி, ராமேஸ்வரம், எங்கே சொன்னாலும் கூட்டிப்போகத் தயாராக இருந்தேன். "முதல்ல மலைக்கோட்டைக்குப் போயிட்டு வந்துடலாம் பாப்பா. ஒரு தார் பாக்கி இருக்கு" என்றார் அம்மா. முசிறிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம்தான். என்ன பாக்கி என்று நானும் கேட்கவில்லை.

அம்மா கிராம சுகாதார செவிலியர். 1986-ல் வேலைக்குச் சேர்ந்து 36 வருடம். ஊரில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது, நர்சம்மா என்றால்தான் தெரியும். கர்ப்பிணிகளை மாதாமாதம் பார்ப்பது, இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது, குழந்தை பிறந்த வீட்டுக்குப் போய் எடை போடுவது, போலியோ சொட்டு மருந்து, புதன்கிழமை தோறும் தடுப்பூசி. ஐஸ் கட்டி வைத்த தடுப்பூசிப் பெட்டியின் பட்டை அழுத்தி அழுத்தி அவர் இடது தோளில் ஒரு தடம் உண்டு. புடவை மாற்றும்போது சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். 58 வயதுக் கணக்குப்படி 2020 ஜூனிலேயே வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவர். அந்த மே மாதம் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள், அடுத்த வருடம் 60. நடுவில் கொரோனா வேறு. ஜூன் 30 அன்று மாலை போட்டு, குத்துவிளக்கு கொடுத்து அனுப்பிவைத்தபோது, வாசலில் நின்ற பெண்களில் பாதிப் பேர் அம்மா ஊசி போட்டு வளர்ந்தவர்கள். பத்துப் பேராவது இடுப்பில் குழந்தையோடு நின்றார்கள்.

கீழே மாணிக்க விநாயகருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் படி ஏறினோம். உச்சி வரைக்கும் 417 படிகள். பாறையைக் குடைந்த வழியில் வெயில் தெரியாது. தாரை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றால் மகன் விடவில்லை. 11 வயதுப் பையன், தோள் மாற்றி மாற்றித் தூக்கி வந்தான். "இறக்கி வெச்சு எடுத்துட்டு வாடா தங்கம்" என்று பின்னாலேயே ஏறினார் அவனுடைய அம்மாச்சி.

பாதி மலையில் தாயுமானவர். சிராப்பள்ளிக் குன்றுடையான் என்று சம்பந்தர் பாடிய சுவாமி. பெரிய லிங்கத் திருமேனி, மேற்கு பார்த்த சன்னதி. அம்பாள் மட்டுவார் குழலம்மை. தலக்கதை திருச்சிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரத்னாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குப் பேறுகாலம். பூம்புகாரிலிருந்து புறப்பட்டு வந்த தாய், காவிரியில் வெள்ளம் போனதால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இங்கே மகளுக்கு வலி கண்டுவிட்டது. ஈசன் அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து நிஜத்தாய் வந்து நின்றபோது வீட்டில் இரண்டு அம்மாக்கள். வந்தவர் மறைந்தார். சித்திரைத் திருவிழாவில் செட்டிப்பெண் மருத்துவம் என்று இதை ஒரு வைபவமாகவே நடத்துகிறார்கள். சுகப்பிரசவம் ஆனால் வாழைத்தார் செலுத்துவதாக வேண்டிக்கொள்வது இங்கே வழக்கம்.

குருக்கள் தாரை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு?" என்றார். அம்மா என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது.

2010 நவம்பர். கோவையில் எனக்குத் தலைப்பிரசவம். அம்மா லீவு வாங்கி, பையெல்லாம் கட்டி வைத்திருந்தார். கிளம்ப வேண்டிய அன்று சாயங்காலம் ஊரில் ஒரு பெண்ணுக்கு நாள் கணக்குக்கு முன்பாகவே வலி வந்துவிட்டது. அவளுடைய அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தார். வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. அம்மா 108-க்குச் சொல்லி, அதே வண்டியில் அவளோடு ஏறிக்கொண்டார். அங்கே அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு விடியவிடிய நின்றார். இங்கே என் மகன் விடிகாலையில் பிறந்தான். அம்மா வந்து சேர்ந்தது மறுநாள் மாலை. நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊருக்கெல்லாம் அம்மா, எனக்குத்தான் இல்லை என்று சொல்லிவிட்டேன். அம்மா பதில் சொல்லாமல் குழந்தையின் தொப்புளைப் பார்த்தார், துணி மாற்றினார்.

"ஏம்மா, இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே?"

"அன்னிக்கு ராத்திரி ஆம்புலன்ஸ்ல உட்கார்ந்துக்கிட்டு வேண்டினேன். எனக்கு இந்தப் பிள்ளையை விட்டுட்டு வர முடியாது, எம்பொண்ணுகிட்ட நீ போய் நில்லுப்பான்னு. அவரு வந்து நின்னுருக்காரு. நான்தான் பாக்கி வெச்சுட்டேன்."

தீபாராதனை காட்டினார்கள். கண் நிறைந்திருந்ததால் எனக்குச் சுடர் மட்டும்தான் தெரிந்தது. அன்று கோவையில் வலி நேரத்தில், பெயர்கூடத் தெரியாத ஒரு வயதான ஆயா என் முதுகை நீவிக்கொண்டே இருந்தார். மறந்தே போயிருந்தேன். அந்தக் கை நினைவுக்கு வந்தது. யார் வந்து நின்றது என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை.

குருக்கள் திருப்பிக் கொடுத்த இரண்டு சீப்பை அம்மா வருகிறவர்களுக்கு விநியோகித்தார். படியோரம் ஓர் இளம்பெண் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள், ஐந்தாம் மாதமாம். அம்மா பழத்தைக் கொடுத்துவிட்டு அவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். கணுக்காலை அழுத்திப் பார்த்தார்.

"ரத்தம் எவ்வளவுன்னு சொன்னாங்கம்மா?"

"ஒன்பதரைங்க."

"பதினொண்ணாவது இருக்கணும். மாத்திரையை டீ, காபியோட போடாதே, சத்து உடம்புல சேராது. நெல்லிக்காய், எலுமிச்சை சேர்த்துக்கோ. இதுக்கு மேல ஏறாதே, உச்சிப்பிள்ளையாருக்கு இங்கேருந்தே கும்பிடு போடு, போதும்."

அந்தப் பெண் எழுந்து அம்மா காலைத் தொட்டாள். அம்மா பதறிப்போய், "சாமி உள்ள இருக்காரும்மா" என்று சன்னதிப் பக்கம் கை காட்டினார்.

உச்சிக்கு நாங்கள் மூவரும் நிதானமாகவே ஏறினோம். பிள்ளையாரைத் தரிசித்துவிட்டு வெளியே வந்தால் நல்ல காற்று. வடக்கே ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம், அதற்கு இந்தப் பக்கம் காவிரி. மேட்டூர் அணையை அந்த வருடம் மே 24-லேயே திறந்துவிட்டதால் ஆற்றில் தண்ணீர் ஓடியது. அம்மா பாறையில் கால் நீட்டி உட்கார்ந்தார். புதன்கிழமை காலையில் அவர் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மகன் மிச்சம் இருந்த பழத்தை உரித்து அவர் கையில் வைத்தான்.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்நேரம் ஐஸ் பெட்டி வந்திருக்கும்" என்றார். பழத்தைப் பாதியாகப் பிட்டு எனக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி ஆற்றைப் பார்க்கத் தொடங்கினார்.