கோத்தகிரி வீட்டில் தரையைச் சமன் செய்த அனுபவம்

சித்தியின் கோத்தகிரி வீட்டில் பழைய சிவப்பு ஆக்சைடு தரை. பார்க்க அழகுதான், ஆனால் டிசம்பர் குளிரில் வெறுங்காலை வைக்க முடியாது. அதன் மேல் எஸ்.பி.சி. எனப்படும், கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை போடுவதென்று முடிவானது. ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் இந்தப் பலகைகளுக்கு அடியில் பள்ளம் இருந்தால், மிதிக்க மிதிக்க அமுங்கி விளிம்புப் பூட்டு உடைந்துவிடும். 2 மீட்டர் நீளத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் மேடு பள்ளம் கூடாது என்பது பொதுக் கணக்கு.

மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால் நடுவில் இரண்டு பெரிய பள்ளம், வாசலருகே ஒரு மேடு. அதுபோக, பள்ளத்தாக்குப் பக்கம் அறையே ஒரு அங்குலம் தாழ்ந்திருந்தது. மேட்டுப்பாளையத்து மேஸ்திரி, "ஏனுங்கக்கா, சரிவ எடுக்கோணுமா, மேடு பள்ளத்த எடுக்கோணுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் செலவே இருக்கிறது. ஊற்றினால் தானே பரவிச் சமனாகும் செல்ஃப் லெவலிங் கலவை ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் ஏற சுமார் 1.7 கிலோ பிடிக்கும். 12க்கு 14 அடி அறையின் சரிவை முழுதும் நிரப்ப 25 கிலோ மூட்டை 14 வேண்டும். அத்தனையும் மலையேறி வரவேண்டும். பலகைக்கோ சீரான சரிவு ஒரு பொருட்டில்லை. சரிவை விட்டுவிட்டு, பள்ளங்களை மட்டும் நாலு மூட்டையில் முடித்தோம்.

ஆனால் அதற்கு முன் ஈரம். தரையில் இரண்டடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டால், அடியில் நீர் கோக்கிறதா என்று தெரிந்துவிடும். மலைப்பக்க மூலையில் நீர் கோத்திருந்தது. வெளியே சரிந்த மண், வீட்டுச் சுவரோடு அணைந்து கிடந்தது. கோத்தகிரிக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். அந்த மண் தண்ணீரைக் குடித்துச் சுவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. மண்ணை வெட்டி வாய்க்கால் எடுத்து, நன்றாகக் காயவிட்டு, மார்ச் வெயிலில் வேலையைத் தொடங்கினோம். குளிரிலும் இந்தக் கலவை இறுகத் தாமதிக்கும். 5 அல்லது 10 டிகிரிக்குக் கீழே ஊற்றக் கூடாதென்று மூட்டையிலேயே போட்டிருப்பார்கள்.

சுத்தியல் காம்பால் தட்டிப் பார்த்து, பொக்கையாக ஒலித்த இடங்களை மேஸ்திரி உடைத்துப் பூசினார். கலவை தரையோடு ஒட்ட முதலில் பூசும் பிரைமர், மெழுகு ஏறிய ஆக்சைடு வழவழப்பில் பிடிக்காது. கிரைண்டரில் வைரத்துகள் பதித்த கப் வீல் என்ற தேய்ப்புச் சக்கரத்தை மாட்டி மேட்டையும் மெழுகையும் சேர்த்தே தேய்த்தார்கள். அந்தத் தூசியைச் சொல்லி மாளாது; முகக்கவசமில்லாமல் உள்ளே போகவே கூடாது.

பிரைமர் காய்ந்ததும் ஊற்றும் வேலை விறுவிறுவென்று போனது. தண்ணீரை அளந்துதான் விடவேண்டும். கூடினால் மேலே பொடிப்பொடியாக உதிரும். முள் உருளையை ஓட்டிக் காற்றுக் குமிழ்களை உடைத்தார்கள்.

பலகை ஏறியபின் கதவுகளின் அடியை இழைக்க வேண்டியிருந்தது. பீரோவுக்குப் பள்ளத்தாக்குப் பக்கக் கால்களில் மரச்சக்கை கொடுத்திருக்கிறோம். பலகை விரிய இடம் வேண்டுமென்று சுவரோரம் விட்ட இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைத்துவிட்டது.