பாஸ்டனில் ராஜா கட்சி

"அத்தை, நான் ராஜா கட்சிக்கு எழுதணும். ஒண்ணுமே தோணல."

அண்ணன் மகள் ஏழாவது படிக்கிறாள். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பியது நியாயமா என்று வகுப்பில் விவாதமாம். சீட்டு எடுத்ததில் இவளுக்கு விழுந்தது மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பக்கம். நான் மதுரையிலிருந்து வந்து நாலே நாள். ராத்திரி மூன்று மணிக்குத்தான் மூளை விழிக்கிறது. இருந்தாலும் யோசிக்காமல் சொன்னேன்: "வெள்ளைக்காரனை எதிர்த்தா நியாயம்தான்டி. இதுல என்ன விவாதம்?"

"எதிர்த்தவங்களும் வெள்ளைக்காரங்கதானே அத்தை?"

பதில் சொல்லத் தெரியாததால் சனிக்கிழமை காலை அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பாஸ்டனில் ஊர் சுற்ற மேப் தேவையில்லை. பாஸ்டன் காமன் பூங்காவில் தொடங்கி ஆற்றுக்கு அந்தப்பக்கம் பங்க்கர் ஹில் நினைவுத்தூண் வரை, நடைபாதையில் சிவப்புச் செங்கல்லைக் கோடு மாதிரிப் பதித்து வைத்திருக்கிறார்கள். சுமார் நாலு கிலோமீட்டர், 16 இடங்கள். 'ஃப்ரீடம் டிரெயில்' என்று பெயர். கோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் இரண்டு தடவை ஆள் மேல் மோதினேன்.

கிரானரி கல்லறைத் தோட்டத்தில் சாமுவேல் ஆடம்ஸ், ஜான் ஹான்காக், பால் ரெவியர் என்று புரட்சிக் கட்சி மொத்தமும் ஒரே இடத்தில் படுத்திருக்கிறது. அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இவளுக்கு ராஜாவின் கணக்கைச் சொன்னேன். ஏழாண்டுப் போர் 1763-ல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறக்குறைய இரண்டு மடங்காகி 13 கோடி பவுண்டை ஒட்டி நின்றது. அந்தப் போரில் கனடாவிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் போனதில் லாபம் இந்தக் குடியேறிகளுக்குத்தான். ஆனால் இங்கிலாந்தில் இருந்தவன் கட்டிய வரியோடு பார்த்தால் இவர்கள் கட்டியது சொற்பம். 1765-ல் வந்த முத்திரைச் சட்டம் பத்திரிகைக்கும் பத்திரத்துக்கும் சீட்டுக்கட்டுக்கும் வரி போட்டது. அதே மாதிரி வரியை இங்கிலாந்துக்காரன் ஏற்கெனவே பல காலமாகக் கட்டிக்கொண்டிருந்தான்.

"இது நல்லா இருக்கு," என்று குறித்துக்கொண்டாள்.

அதோடு தாமஸ் ஹட்சின்சன் கதையையும் சொன்னேன். பாஸ்டனிலேயே பிறந்து துணை கவர்னரானவர். முத்திரைச் சட்டம் சரியில்லை என்பதுதான் அவருடைய அபிப்பிராயமும். ஆனாலும் 1765 ஆகஸ்ட் 26 ராத்திரி ஒரு கும்பல் அவர் வீட்டுக்குள் புகுந்து, விடியும்வரை இருந்து, கதவு ஜன்னல் வரை பெயர்த்துப் போட்டுவிட்டுப் போனது. இப்படிச் செய்தவர்களைப் பாடப்புத்தகம் தியாகிகள் வரிசையில் வைக்கிறது. எனக்கு நம் ஊரில் பஸ் கொளுத்துகிறவர்கள் ஞாபகம் வந்தது.

அடுத்தது ஓல்ட் சவுத் மீட்டிங் ஹவுஸ். வெளியே செங்கல், உள்ளே வெள்ளையடித்த பெரிய பிரார்த்தனை மண்டபம். 1773 டிசம்பர் 16 அன்று சுமார் 5,000 பேர் இங்கே கூடி, கப்பலில் வந்திருந்த டீயைக் கடலில் எறிய இங்கிருந்துதான் துறைமுகத்துக்குப் போனார்கள். நாங்களும் போனோம், குளிரில் மூக்கு ஒழுக. அங்கே பழைய கப்பல் மாதிரியே கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். மேலே ஏறினால் ஒரு டீப் பெட்டியைக் கையில் கொடுத்துத் தண்ணீரில் எறியச் சொல்கிறார்கள். இவள் முழு வேகத்தில் எறிந்தாள். பெட்டியில் கயிறு கட்டியிருக்கிறது! இழுத்து எடுத்து அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி போனது 342 பெட்டி, 40 டன்னுக்கு மேல். நம் அஸ்ஸாம் டீ என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் சீனத்து இலை. அஸ்ஸாமில் தோட்டம் போட்டதெல்லாம் அடுத்த நூற்றாண்டில். நம்மோடு சம்பந்தம் டீயை அனுப்பியவர்களால்தான், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி. கடனில் தத்தளித்த கம்பெனியைத் தூக்கிவிட, நேராக அமெரிக்காவுக்கே டீ அனுப்பிக்கொள்ளலாம் என்று 1773-ல் சட்டம் வந்தது. அதனால் டீ விலை குறைந்தது. ராத்தலுக்கு மூன்று பென்ஸ் வரி மட்டும் அப்படியே இருந்தது. விலை இறங்கியதற்கா சண்டை? ஆனால் வங்காளத்தில் 1770 பஞ்சத்தில் கம்பெனி நடந்துகொண்ட விதம் இவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது. அங்கே சுரண்டி முடித்தவர்கள் அடுத்து இங்கே வருகிறார்கள் என்று பென்சில்வேனியா வக்கீல் ஜான் டிக்கின்சன் 1773-லேயே எழுதினார். அந்தப் பயத்தைத் தப்பு என்று நான் எப்படிச் சொல்வது?

அந்த டீயை ஏற்றிவந்த மூன்று கப்பல்களில் ஒன்றான டார்ட்மவுத்தில் இன்னொரு சரக்கும் வந்தது. ஃபில்லிஸ் வீட்லி எழுதிய கவிதைப் புத்தகத்தின் பிரதிகள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டு 1761-ல், ஏழெட்டு வயதில், பாஸ்டனில் விற்கப்பட்ட பெண். ஏற்றிவந்த கப்பலின் பெயர் ஃபில்லிஸ். அதையே அவளுக்கும் வைத்துவிட்டார்கள். லண்டனில் அச்சான புத்தகம் டீக்கு முன்னால் பத்திரமாகக் கரையிறங்கிவிட்டது. நாங்கள் சற்று முன் நின்றிருந்த ஓல்ட் சவுத் சபையின் உறுப்பினர் அவர். சுதந்திரம் சுதந்திரம் என்று அன்று அந்த மண்டபம் அதிர்ந்தது. நாலு தெரு தள்ளி இருக்கும் ஃபேனியல் மண்டபமும் அதே பேச்சுக்குப் பேர் போனதுதான். அதைக் கட்டிக் கொடுத்த பீட்டர் ஃபேனியல் அடிமை வியாபாரத்திலும் பணம் பார்த்தவர்.

பழைய அரசு மாளிகையின் அடியில் இப்போது சுரங்க ரயில் நிலையம். மாடியில் பிரிட்டிஷ் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் நிற்கின்றன. 1776 ஜூலை 18-ல் இந்தப் பால்கனியிலிருந்து சுதந்திரப் பிரகடனத்தை வாசித்ததும் அந்த இரண்டையும் இறக்கிக் கொளுத்திவிட்டார்கள். இன்று இருப்பது பிற்பாடு வைத்த நகல். கோபம் தணிந்ததும் செய்து வைத்துக்கொண்டார்கள் போல.

"நீங்க யார் கட்சி அத்தை?"

ஒரு பேகலைப் பிய்த்துத் தின்றுகொண்டே சொன்னேன். 1773 டிசம்பர் வரை என் ஓட்டு ராஜாவுக்கு. மூன்று பென்ஸுக்காக ஒரு அரசாங்கத்தைக் கவிழ்க்க முடியாது. ஆனால் டீக்குத் தண்டனையாக 1774 ஜூன் 1 அன்று துறைமுகத்தையே மூடினார்கள். எறிந்தவனுக்கும் பூட்டு, மீன் விற்றுப் பிழைத்தவனுக்கும் பூட்டு. சட்டசபை தேர்ந்தெடுத்துவந்த மேலவையை இனி ராஜாவே நியமிப்பார். ஊர்க்கூட்டம் வருஷத்துக்கு ஒன்று. மேற்கொண்டு கூட கவர்னர் அனுமதி வேண்டும். முறையிட இருந்த வாசலையும் அடைத்துவிட்டால் அப்புறம் அவன் என்ன செய்வான்? அங்கிருந்து நான் பாஸ்டன் கட்சி. துறைமுகம் மூடிய அதே நாள் கப்பலேறிய ஹட்சின்சன் திரும்பி வரவே இல்லை. 1780-ல் இங்கிலாந்தில் செத்தார்.

"ஃபில்லிஸ் யார் கட்சி?"

நல்ல கேள்வி. 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் கவர்னர் டன்மோர், புரட்சிக்காரர்களின் அடிமைகள் தன் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். அப்படி ஓடிப்போனவர்களுக்கு ராஜா பக்கம்தான் நியாயம். ஃபில்லிஸோ வாஷிங்டனைப் புகழ்ந்து கவிதை எழுதினார். பாஸ்டனில் பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பினத் தலைவர் 1777-ல் வேறு வழி பார்த்தார். புரட்சிக்காரர்களின் வார்த்தைகளையே எடுத்து, அந்த உரிமை எங்களுக்கும் உண்டு என்று சட்டசபைக்கு மனு போட்டார். அவர் கல்லறை காப்ஸ் ஹில் மேட்டில் இருக்கிறது. சுற்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பர்கள், பெரும்பாலும் கல்லே இல்லாமல்.

அதே மேட்டில் டேனியல் மால்கம் என்ற வியாபாரியின் கல். சுதந்திரத்தின் உண்மை மகன், வரிச் சட்டங்களை எதிர்த்ததில் முன்னணியில் நின்றவர் என்று எழுதியிருக்கிறது. அம்மைத் தழும்பு மாதிரி கல்லெல்லாம் குழி. பிரிட்டிஷ் சிப்பாய்கள் குறிபார்த்துச் சுட்டது என்கிறார்கள். 1766-ல் சுங்க அதிகாரிகள் சோதனைக்கு வந்தபோது துப்பாக்கியைக் காட்டி நிலவறையைத் திறக்க மறுத்தவர் இவர். தீர்வை கட்டாத ஒயின் இருந்ததாம்.

"அப்போ கடத்தல்காரரா?" அவள் நோட்டைத் திறந்துவிட்டாள்.

பங்க்கர் ஹில் தூணுக்கு 294 படி. என் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. ரயில் பிடிக்கத் திரும்பி நடக்கையில், பெம்பர்ட்டன் சதுக்கத்தின் அருகே சுவரில் ஒரு பலகை கண்ணில் பட்டது. 1649-ல் இந்த இடத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர் எலிஹு யேல், மதராஸ் கவர்னர். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த அதே ஆள். புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனி வேலையில் சம்பாதித்ததில் கொஞ்சம்தான் அந்தக் கல்லூரிக்குப் போனது.

"அத்தை, உங்க ஊர் பேரு!"

"என் ஊர் மதுரைடி," என்றேன். ஆனாலும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.