மடக்காத வாங்கு

பேலட் என்பது சரக்கை அடுக்கி ஏற்றி அனுப்பும் மரத்தட்டு. அதை உடைப்பது தச்சு வேலையே இல்லை என்பார் எங்கள் பட்டறையின் மூத்த ஆசாரி. நான் கடப்பாறையை எடுத்தாலே தன் இழைப்புளியைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் போய்விடுவார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. பேலட்டில் அடித்திருப்பது முறுக்காணி. கொறடு போட்டு இழுத்தால் ஆணி வராது, பலகை பிளக்கும். முதல் வாரம் நான் உடைத்ததில் பாதி விறகுக்குப் போனது. பலகைக்கும் கட்டைக்கும் நடுவே இரும்பு அறுக்கும் பிளேடை விட்டு ஆணியையே அறுத்துவிடலாம் என்று அப்புறம்தான் புத்தி வந்தது. அறுத்தாலும் தலை பலகைக்குள் தங்கும். அதைத் தட்டி வெளியே எடுக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் இழைப்பு மிஷின் பிளேடு போச்சு. இரண்டு பிளேடு போன பிறகு, ஒவ்வொரு பலகையையும் காந்தத்தால் தடவிப் பார்க்காமல் மிஷின் பக்கம் கொண்டுபோனதில்லை.

சென்னைக்கு வடக்கே இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றின் குடும்பங்களுக்கு மரச்சாமான் செய்து தரும் வேலை அது. பணம் ஒரு தொண்டு நிறுவனத்துடையது. வரைவதும் செய்வதும் நாங்கள். மரம், தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள காயலான் கடைகளில் எடைக்கு வாங்கிய பேலட். வெளிநாட்டிலிருந்து மிஷின் ஏற்றி வந்த பேலட்டில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை ஒன்று இருக்கும். பூச்சி ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகாமலிருக்க மரத்தைப் பக்குவம் செய்ததற்கான அடையாளம். 'எச்டி' என்றிருந்தால் உள்மரம் வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தது என்று அர்த்தம். 'எம்பி' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. குழந்தைகள் படுக்கிற வீட்டுக்கு அது வேண்டாம் என்று தனியே ஒதுக்கினோம். முத்திரை சரியாக இருந்தாலும் மோந்து பார்க்காமல் வாங்க மாட்டேன். எண்ணெயோ கெமிக்கலோ கொட்டின பலகை எவ்வளவு இழைத்தாலும் வாடை விடாது.

பழைய வரிசை வீடுகள் பத்துக்குப் பத்தடி. அதற்குள் சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு. இந்த அளவைக் கேட்டதும் எந்த டிசைனரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். எல்லாவற்றையும் மடக்கினேன். சுவரோடு மடங்கும் மேசை, மடங்கும் ஸ்டூல், ஒன்றுக்குள் ஒன்று போகும் பெட்டிகள். எடை குறைவு, எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். நிறுவனத்து ஆட்களுக்குப் படம் மிகவும் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

மாதிரி மேசையோடு முதலில் போன வீடு ஒரு பெரியம்மாவுடையது. 1990-இல் இலங்கையின் மன்னார்ப் பக்கத்துப் பேசாலையிலிருந்து படகில் வந்து, ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலிருக்கும் மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு இந்த முகாமுக்கு மாற்றப்பட்டவர். நான் மேசையை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கிக் காட்டினேன். வித்தை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடிவாத்தான் இருக்கு தம்பி. ஆனா எனக்கு மடக்கிற சாமான் வேண்டாம். நல்ல பாரமா, ஒரு வாங்கு செய்து தாங்கோ."

வாங்கு என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. பெஞ்சு. நாற்காலி அவருக்குக் கதிரை, மேசையின் இழுப்பறை லாச்சி, சமையலறை குசினி. பேரன் குறுக்கே வந்து, "பாட்டி பெஞ்சைச் சொல்றாங்க அண்ணா" என்றான். அவன் இங்கேயே பிறந்து, நம் ஊர்ப் பேச்சிலேயே பேசுகிற பையன். அவன் அம்மாவும் இங்கே பிறந்தவர்தான். கதிரையும் வாங்கும் போர்த்துகீசியர் விட்டுப்போன சொற்கள், லாச்சி டச்சுக்காரர் விட்டுப்போனது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பெஞ்சு வெள்ளைக்காரன் விட்டுப்போனது, நாம் யாரைச் சொல்ல.

ஏன் பாரமாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பட்டறைக்கு வந்து அடிப்படைக் கணக்கைத் திரும்பப் போட்டபோதுதான் உறைத்தது. அகதி என்ற சொல்லைக் கேட்டதும், நாளைக்கே மூட்டை கட்டுகிறவர்கள் என்று என் கை தானாக வரைந்திருக்கிறது. அவர் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் இத்தனை வருஷத்தில் ஐந்து வாடகை வீடு மாறியிருக்கிறேன். எங்கள் இருவரில் மடக்குகிற சாமான் தேவைப்படுவது யாருக்கு?

அதன் பிறகு படத்தைக் கையில் எடுத்துப் போவதை விட்டுவிட்டு, வீடு வீடாக உட்கார்ந்து கேட்டோம். நாற்காலி ஏறக்குறைய யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. வருகிறவர்களுக்கு பிளாஸ்டிக் சேர் இருக்கிறது, வீட்டாருக்குத் தரை இருக்கிறது. பத்தில் எட்டு வீடுகள் கேட்டது பூட்டு வைத்த லாச்சி. அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ், மண்டபத்தில் கொடுத்த பழைய தாள் எல்லாம் பிளாஸ்டிக் பையில், பரணில், மழைக்கு மழை இடம் மாறிக்கொண்டிருந்தன. எனவே எல்லா வாங்குக்கும் கீழே, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், பூட்டோடு லாச்சி. என் மொத்த வடிவமைப்பில் உருப்படியானது அது ஒன்றுதான், அதுவும் நான் யோசித்தது இல்லை.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை. பழைய மரம் மலிவு, அதை மரமாக்கும் கூலி மலிவில்லை. உடைத்து, ஆணி எடுத்து, இழைத்து முடிப்பதற்குள் ஒரு வாங்குக்குக் கூலி மட்டும் 4,000 ரூபாயைத் தாண்டியது. 2021-இல் உயர்த்தியதற்குப் பிறகு முகாமில் குடும்பத் தலைவருக்கு அரசு தரும் மாதப் பணம் 1,500. அந்தக் கூலித் தொகையைக் கையில் கொடுத்திருந்தால் என்ன வாங்கியிருப்பார்கள் என்று சில ராத்திரிகள் யோசித்ததுண்டு.

பெரியம்மாவின் வாங்கு ஏழடி நீளம், படுக்கவும் ஆகும்படி இரண்டரை அடி அகலம். பைன் பலகையை இரட்டையாக ஒட்டி, கால்களுக்கு ஒரு பழைய வீட்டின் வேங்கை மரச் சட்டத்தை அறுத்துப் போட்டோம். இந்த வேலைக்கு ஆசாரி வாசலிலிருந்து உள்ளே வந்தார். முழுசாகச் செய்து கொண்டுபோனால் வாசலில் நுழையாது. எதிர்வரிசைக்கும் இவர் வீட்டுக்கும் நடுவே நாலடிச் சந்து, திருப்ப இடமில்லை. துண்டு துண்டாகக் கொண்டுபோய், உள்ளேயே பசை போட்டுப் பூட்டினோம்.

மரத்தின் நிறமும் முத்திரையும் அப்படியே தெரிய வேண்டும், போட்டோவில் அதுதான் கதை சொல்லும் என்று நிறுவனத்தார் சொல்லியிருந்தார்கள். அடுத்த மாதம் போனபோது முத்திரையைக் காணோம், பைனையும் காணோம். பெரியம்மாவின் மருமகன் பெயின்டர். முகாம் ஆண்களில் நிறையப் பேருக்கு அதுதான் பிழைப்பு, கயிற்றில் தொங்கிக்கொண்டு அடுக்குமாடிக்கு அடிப்பார்கள். மிச்சம் வந்த பெயின்டைக் கலந்து, பிரஷை இழுத்து இழுத்து, தேக்கு ரேகை வரைந்திருந்தார். கண்ணும் சுழியும் விட்டு, பலகைக்குப் பலகை ரேகை மாற்றி. என் பைன் பலகைக்கு வேஷம் கட்டியதில் எனக்கு உள்ளூர வருத்தம். ஆசாரி குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இவன் கை ஆசாரிக் கைடா" என்றார். என்னை அவர் அப்படிச் சொன்னதில்லை.

முகாம் வீடுகளை மறுபடி கட்டித்தரும் திட்டம் 2021-லேயே அறிவிப்பாகியிருந்தது. மொத்தம் 7,469 வீடுகள். இந்த முகாமின் முறை வந்து, புது வீட்டுச் சாவியும் கைக்கு வந்ததும் எனக்குப் போன். "தம்பி, வாங்கு வெளியில வருதில்லை." போய்ப் பார்த்தோம். சாய்த்தோம், நிமிர்த்தினோம், கூரை இடித்தது. பசை போட்ட மூட்டு, கழற்ற முடியாது. இரண்டாக அறுத்து அங்கே போய்ச் சேர்த்துத் தருகிறேன் என்றேன். பெரியம்மா ஒரு பேச்சு பேசவில்லை. மருமகன்தான், "எப்படியும் இடிக்கப்போற வீடுதானே, இருக்கட்டும்" என்றார்.

பழைய வரிசையை இடிக்கும் நாளில் லாச்சியின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பெரியம்மா வந்து நின்றார். ஷீட்டைக் கழற்றினார்கள், சந்துப் பக்கச் சுவரை உள்ளே விழாதபடி வெளியே தள்ளினார்கள். தூசி அடங்கியதும் பார்த்தால், வெட்டவெளியில் வாங்கு நின்றது. பேரன் ஓடிப்போய் ஏறி உட்கார்ந்தான். தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது.