போர் போட்டோம், தண்ணீருக்கு இல்லை

"போர் போட்டீங்களே, எத்தனை அடியில தண்ணி வந்துச்சு?" என்று அம்மா போனில் கேட்டாள். தண்ணீருக்கு இல்லம்மா, வீட்டைச் சூடாக்கத்தான் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "அவ்ளோ ஆழத்துல நெருப்பா இருக்கு?"

நெருப்பெல்லாம் இல்லை. எங்கள் போரின் அடியில் 12 டிகிரிதான். ஜியோதெர்மல், அதாவது புவிவெப்பம், என்ற பெயரைக் கேட்டதும் எரிமலை ஞாபகம் வருவதால் வரும் குழப்பம் இது. பனிக்கால விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்குமே, கோடையில் அதே தண்ணீர் சில்லென்று இருக்குமே, அந்தக் கதைதான். மாறுவது மேலே உள்ள காற்று. பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கீழே மண்ணின் சூடு வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்கும். போருக்குள் இறங்கி ஏறும் குழாயில் ஒரு திரவத்தை ஓடவிட்டு, அந்த 12 டிகிரியிலிருந்து வெப்பத்தைப் பிடுங்கி, கம்ப்ரெசரில் அழுத்திச் சூட்டை ஏற்றி, ரேடியேட்டருக்கு அனுப்புவது ஹீட் பம்ப்பின் வேலை. அம்மாவிடம், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கை வைத்துப் பார், சூடாக இருக்கும், அது உள்ளே இருந்து எடுத்த சூடு என்றேன். "அப்போ பூமியை ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சிருக்கீங்க" என்றாள். இதைவிடச் சரியாக எனக்கும் சொல்லத் தெரியாது.

பழைய கேஸ் பாய்லர் மூன்றாவது முறையாகப் படுத்தபோது இந்தப் பேச்சு ஆரம்பித்தது. என் வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லை. "புது டெக்னாலஜி, நாமதான் சோதனை எலியா?" என்றார். விஞ்ஞானி லார்ட் கெல்வின் ஹீட் பம்ப் யோசனையை எழுதியது 1852-ல். மண்ணிலிருந்து வெப்பம் எடுக்க ஹைன்ரிஷ் சோலி சுவிட்சர்லாந்தில் காப்புரிமை வாங்கியது 1912-ல். இந்த இரண்டு வருடங்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

தோட்டம் பெரிதாக இருந்தால் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் பள்ளம் வெட்டிக் குழாயைப் படுக்கையாகவே போடலாம், செலவு குறைவு. எங்களுக்கு இடமில்லை. அதனால் ஆறு மீட்டர் இடைவெளியில் இரண்டு போர், ஒவ்வொன்றும் 95 மீட்டர். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒன்றின் வெப்பத்தை மற்றொன்று திருடிக்கொள்ளும்.

துளை போட்ட இரண்டு நாளைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? சத்தம், சாம்பல் நிறச் சேறு, புல்தரை போச்சு. பதினான்கு மீட்டரில் பாறை வந்தது. அவ்வளவுதான். ஆனால் துளை போட்ட பிறகு நடப்பதை நின்று பாருங்கள். குழாய் இறங்கிய பின் சுற்றியுள்ள இடைவெளியை பென்டோனைட் களிமண் கலவையால் அடைக்க வேண்டும். அதையும் மேலிருந்து கொட்டக் கூடாது. அடிவரை ஒரு தனிக் குழாயை இறக்கி, கீழிருந்து மேலே நிரப்பிக்கொண்டு வரவேண்டும். நடுவில் காற்றுப்பை நின்றால் அந்த இடத்தில் மண்ணுக்கும் குழாய்க்கும் தொடர்பே இல்லை. அடைப்பு சரியில்லையென்றால் கீழே இருக்கும் ஒரு நீரடுக்கு இன்னொன்றோடு கலக்கவும் வழி உண்டு. ஜெர்மனியில் ஸ்டௌஃபன் என்ற ஊரில் 2007-ல் நகரமன்றக் கட்டடத்தைச் சூடாக்க 140 மீட்டர் ஆழத்தில் ஏழு துளைகள் போட்டார்கள். கீழே இருந்த நிலத்தடி நீர் அன்ஹைட்ரைட் என்ற கனிம அடுக்குக்குள் ஏறியது. அது தண்ணீர் பட்டால் ஜிப்சமாகி உப்பும். ஊரின் நடுப்பகுதியே மேலெழும்பி, இருநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். இதைப் படித்துவிட்டு வந்ததால் கலவை மேலே பொங்கி வழியும் வரை குடை பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். வேலையாட்களுக்கு நான் பெரிய தொல்லையாக இருந்திருப்பேன்.

இவ்வளவு காவல் காத்தவள் கோட்டைவிட்டது வேறொரு இடத்தில்.

மெஷின் ஓடத் தொடங்கிய மூன்றாவது வாரம், வெளியே நல்ல உறைபனி. இரவு இரண்டு மணிக்கு ஹீட் பம்ப் தானாக நின்றுவிட்டது. மண்ணிலிருந்து வரும் திரவம் மிகவும் குளிர்ந்துவிட்டது என்று திரையில் எச்சரிக்கை. மறுபடி போட்டால் ஓடும், ஒரு மணி நேரத்தில் நிற்கும். போன் செய்தால் மெஷின் பொருத்தியவர் "போர் ஆழம் பத்தல போல" என்றார். துளை போட்டவர் "மெஷின் பெரிசு போல" என்றார். இருவருக்கும் நடுவில் நாங்கள் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்குக் கடுங்குளிரில் 8 கிலோவாட் வேண்டும். அதில் 2 மின்சாரம், 6 மண்ணிலிருந்து. 190 மீட்டருக்குப் பிரித்தால் மீட்டருக்கு 32 வாட். எங்கள் மாதிரிப் பாறைக்கு இது பேராசை இல்லை. அப்போ ஆழம் போதும். பிறகு என்ன?

விடை கையில் கிடைத்தது, நிஜமாகவே. மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது இரண்டு போரின் குழாய்களும் சேரும் இடத்தில் காப்புறையை விலக்கித் தொட்டேன். ஒன்று பனிக்கட்டி. மற்றது அறையின் சூட்டிலேயே இருந்தது. அதாவது இரண்டாவது போரில் திரவம் ஓடவே இல்லை. ஒற்றை மாட்டை வைத்து இரட்டை ஏர் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

காரணம் காற்று. குழாயில் சிக்கிய காற்றைக் கீழே தள்ளி மறுபக்கம் மேலே கொண்டுவர, திரவம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். மெஷினுக்குள் இருக்கும் சின்னப் பம்ப் எங்கள் குழாயில் அதில் பாதி வேகம்தான் தரும், தினசரி ஓட்டத்துக்கு அது போதும். அதனால்தான் முதலில் பெரிய பம்ப் கொண்டுவந்து அலசுவார்கள். எங்கள் வீட்டில் அலசியவர்கள் நேரத்தை மிச்சம் பிடிக்க இரண்டு போரையும் ஒன்றாகத் திறந்துவிட்டு அலசியிருக்கிறார்கள். தண்ணீர் சுலபமான வழியில் போய்விட்டது. மற்றதில் காற்று அப்படியே உட்கார்ந்துகொண்டது.

திரும்ப வந்து, ஒன்றை மூடி ஒன்றைத் திறந்து, தனித்தனியாக அலசினார்கள். முதல் போரில் தெளிவான திரவம். இரண்டாவதில் பால் மாதிரி வெள்ளையாக வந்தது, அத்தனையும் பொடிக் குமிழி. அரைமணி நேரம் ஓடிய பிறகுதான் தெளிந்தது. பிறகு உறையாமல் இருக்க ப்ரோபிலீன் கிளைக்கால் என்ற திரவத்தை மறுபடி கால் பங்கு அளவுக்குச் சரிசெய்தார்கள். அந்தக் கலவை மைனஸ் 10 வரை தாங்கும். அன்றிரவு மெஷின் நிற்கவில்லை. நான்தான் இரண்டு மணிக்கு எழுந்துபோய்ப் பார்த்தேன்.

ரேடியேட்டர் தண்ணீரை 48 டிகிரியில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். வாடிக்கையாளர் குளிருது என்று போன் செய்யக் கூடாதல்லவா! ஒரு டிகிரி குறைத்தால் மின்சாரம் இரண்டு, இரண்டரை சதவீதம் மிச்சமாகும். மூன்று நாளுக்கு ஒரு டிகிரி என்று இறக்கிக்கொண்டே வந்தேன். 43-ல் வீட்டுக்காரர் கம்பளி கேட்டார். மாடி அறை ஒன்றில் மட்டும் ரேடியேட்டரைப் பெரிதாக மாற்றி, கூரைக்கடியில் காப்பு விரித்த பின் 41-ல் நிற்கிறது. கையை வைத்தால் சுடாது. பழைய பாய்லர் பழக்கத்தில் வருகிறவர்கள் எல்லோரும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து "ஓடலியா?" என்கிறார்கள்.

முதல் மாதம், அந்த ஒற்றை மாட்டுக் காலத்தில், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2.9 யூனிட் வெப்பம் கிடைத்தது. முழுப் பருவத்துக்கும் சேர்த்து மீட்டர்கள் காட்டியது 3,900 யூனிட் மின்சாரம், 15,200 யூனிட் வெப்பம். குளிக்கிற வெந்நீரும் இதில் அடக்கம்.

இப்போது போர்க் குழாயின் அழுத்தமானி காட்டுவதை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். தொடக்கத்தில் 1.8 பார், போன வாரம் 1.6. பிளாஸ்டிக் குழாய் முதல் வருடம் கொஞ்சம் விரிந்து கொடுக்கும், கரைந்திருந்த காற்றும் வெளியேறும், அதனால் இறங்குவது சகஜம்தான். 1.2-க்கு வந்தால் நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா மட்டும் ஒவ்வொரு போனிலும் கேட்கிறாள், "பூமி இன்னும் ஜில்லுனு ஆகலையா?"